கட்டணம் இல்லை, கட்டிலும் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பியவர்களும் அனுப்பப் போகிறவர்களும் பொறுமையாகப் படியுங்கள். கோபத்தில்தான் எழுதுகிறேன். அந்தக் கோபத்தில் பாதி என்மேல்.

2024 ஜூன் கடைசி. எங்கள் நாயுடுபுரத்தில் ஒரு காட்டேஜில் காவலுக்கும் ரூம் வேலைக்கும் இருப்பவர் தன் மகனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் பணி ஓய்வு பெற்ற பிறகு சாயங்காலங்களில் என் வராந்தாவில் உட்கார்ந்து கணக்குப் படித்த பையன் அவன். மதுரையில் ஒரு அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் கிடைத்திருந்தது. விடுதியில் இடம் உண்டா என்று கேட்டதற்கு, "பிறகு சொல்வோம்" என்றார்களாம். கல்லூரி திறக்க ஒரு வாரம்தான் இருந்தது. அதனால் வேறு மூன்று பையன்களோடு சேர்ந்து வெளியே ஒரு வீடு பார்த்துவிட்டார்கள்.

பையன் கையில் ஒரு தாள். என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று யாரோ சொல்லி எழுதிய பட்டியல். 23 சாமான். "சார், இதுல எது கட்டாயம் வேணும், எது இல்லாமச் சமாளிக்கலாம்னு சொல்லுங்க" என்றான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிவப்பு மை பேனாவை எடுத்தேன். 34 வருஷப் பழக்கம். வரிசையாக அடித்தேன். மெத்தையா? பாய் போதும்டா. டேபிள் ஃபேனா? படிக்கப் போறியா, காத்து வாங்கப் போறியா? கொசுவலை? ரெண்டு நாள்ல பழகிரும். 23-ல் 14 போய்விட்டது. அடித்து முடித்து, எல்லாப் பெரியவர்களும் சொல்லும் அந்த வசனத்தையும் சொன்னேன்: "1976-ல நான் மதுரைக்குப் போனப்போ ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஜமக்காளம், அவ்வளவுதான்."

அப்பா சிரித்துத் தலையாட்டினார். பையன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

பதினாறாம் நாள் திரும்பி வந்துவிட்டான். "ஒத்துக்கலை சார்" என்றான். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் திட்டினேன். கிடைத்த சீட்டைத் தூக்கி எறிந்துவிட்டு வந்திருக்கிறாயே, உனக்குப் பிறகு எத்தனை பேர் வரிசையில் நின்றார்கள் தெரியுமா என்று திட்டினேன்.

என்ன நடந்தது என்று அவன் தங்கச்சி சொல்லி மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. பணமெல்லாம் அட்வான்ஸுக்கே போய்விட்டதால் நான் மிச்சம் விட்ட ஒன்பது சாமானையும்கூட முழுதாக வாங்கவில்லை. பாயும் வாங்கவில்லை. டைல்ஸ் தரையில் செய்தித்தாள் விரித்துப் படுத்திருக்கிறான். ஃபேன் காற்று அவன் மூலைக்கு வராது. மலையிலேயே பிறந்து வளர்ந்தவன், மதுரை ஜூலை வெயிலில், கொசுக்கடியில். குளிக்க மற்றவன் பக்கெட். நாலாம் நாள் ஒருவன் விளையாட்டாகக் கேட்டிருக்கிறான், "உனக்குன்னு ஒண்ணுமே இல்லையாடா?" என்று. அன்றிலிருந்து மற்றவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகுதான் குளிப்பது. குளித்துவிட்டு ஓடினால் முதல் பாடவேளை போய்விடும். தினமும் போனது. வீட்டுக்குச் சொல்ல வெட்கம். என்னிடம் சொல்ல அதைவிட வெட்கம், ஏனென்றால் "சமாளிக்கலாம்" என்று சொன்னவனே நான்தானே.

இன்று அவன் எங்கே இருக்கிறான்? ஏரிக்குப் போகும் சாலையில் நின்று டூரிஸ்ட் கார்களைக் கைகாட்டி நிறுத்துகிறான். "ரூம் வேணுமா சார், காட்டேஜ் இருக்கு." இயற்பியல் படிக்கப் போய் இருக்க இடம் சரியில்லாமல் திரும்பிய பையன், ஊருக்கெல்லாம் ரூம் பிடித்துக் கொடுக்கிறான். அவன் அப்பா அங்கே ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கட்டிலுக்கு விரிப்பு மாற்றுகிறார்.

நான் கணக்கு வாத்தியார். கணக்கைப் போட்டுவிடுகிறேன்.

அந்த 23 சாமானில் முக்கியமானவற்றுக்கு மட்டும் அப்புறம் வத்தலக்குண்டில் விலை கேட்டேன். மெத்தை 1,800. தலையணையும் உறையும் 350. விரிப்பு, போர்வை இரண்டு ஜோடி 900. பக்கெட், மக் 350. டேபிள் ஃபேன் 1,400. கொசுவலை 400. சூட்கேஸ் 1,800. தட்டு, டம்ளர், சின்னப் பாத்திரம் 300. இரண்டு பூட்டு 300. செருப்பு 500. மலையில் போட்ட கனத்த துணி கீழே ஆகாது என்பதால் இரண்டு செட் பருத்தி உடை 1,500. ஆக மொத்தம் 9,600 ரூபாய். வீட்டு வாடகை 8,000, அட்வான்ஸ் 40,000. நாலாகப் பிரித்தால் அவன் பங்கு அட்வான்ஸ் 10,000, முதல் மாத வாடகை 2,000. எல்லாம் சேர்த்து 21,600.

கல்லூரியில் அவன் கட்டிய கட்டணம் எவ்வளவு? 1,870 ரூபாய்.

அரசுக் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டைவிட்டு நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்ப் படிக்கிறவனுக்கு, கட்டணத்தைப் போலப் பதினோரு மடங்குக்குமேல் அந்தப் பெட்டிக்கும் அறைக்கும் ஆகிறது. அவன் அப்பா சம்பளம் மாதம் 11,000. ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம், கல்லூரி வாசலை மிதிக்கும் முன்பே. இந்தக் கணக்கு எந்தக் கல்லூரிக் கையேட்டிலாவது இருக்கிறதா? நான் பார்த்ததில்லை. சீட்டு கிடைத்தவர்களின் பட்டியல் பேப்பரில் வரும். பெட்டி கிடைக்காதவர்களின் பட்டியலை யார் போடுவது?

இப்போது என் டிரங்குப் பெட்டிக்கு வருகிறேன். நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் பாதி உண்மை. ஒரு பெட்டி, ஒரு ஜமக்காளத்தோடுதான் போனேன். போய் இறங்கிய இடம் சிம்மக்கல்லில் என் தாய்மாமன் வீடு. மாமா கடையிலிருந்து பக்கெட் வந்தது. அத்தை ஒரு மெத்தையும் தலையணையும் கொடுத்துத்தான் விடுதிக்கு அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அங்கே சாப்பாடு. காய்ச்சல் வந்தால் அங்கே போய்ப் படுப்பேன். இத்தனை வருஷமாக இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் மாமாவை விட்டுவிட்டு டிரங்குப் பெட்டியை மட்டும் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"நாங்கள் எல்லாம் அந்தக் காலத்தில்" என்று ஆரம்பிக்கிற நண்பர்களே, ஒரு நிமிஷம் யோசியுங்கள். உங்கள் கதையிலும் எங்காவது ஒரு மாமா இருப்பார். ஒரு சித்தப்பா, சொந்த ஊர்க்காரர் ஒருவர், ஜாதிக்காரர் நடத்திய ஒரு விடுதி. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு மதுரையில் மாமா கிடையாது. அவனுக்கு அந்த ஊரில் தெரிந்த ஒரே முகவரி கல்லூரி முகவரிதான்.

மலைப்பிள்ளைக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. கீழே இருப்பவர்களுக்குப் புரியாது. எங்கள் ஊர் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 7,000 அடி மேலே. ஏழை வீட்டிலும் மூன்று கம்பளி இருக்கும், ஸ்வெட்டர் இருக்கும், குல்லா இருக்கும். மின்விசிறி இருக்காது. கொசுவலை இருக்காது. மெல்லிய பருத்திப் போர்வை இருக்காது. பதினேழு வருஷம் சேர்த்த சாமான் எதுவும் மலையிறங்கினால் உதவாது. தேனியிலோ மேலூரிலோ இருப்பவர் வீட்டிலிருந்து பழைய ஃபேனைத் தூக்கிக்கொண்டு போகலாம். மன்னவனூர்க்காரர் எதைத் தூக்கிக்கொண்டு போவார்? தினமும் போய்வரலாமே என்று கேட்காதீர்கள். இங்கிருந்து மதுரை சுமார் 120 கிலோமீட்டர். மலைப்பாதையும் சேர்த்து பஸ்ஸில் நாலு மணி நேரம்.

"1984 முதல் உங்கள் ஊரிலேயே அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறதே" என்பார்கள். இருக்கிறது, அது எங்களுக்குப் பெருமை. ஆனால் ஆண் பிள்ளைகள் எங்கே போவது? பெண் பிள்ளையே ஆனாலும், மலையில் பிறந்துவிட்டாள் என்பதற்காக, விரும்பிய பாடத்தை விட்டுவிட்டு மலையில் கிடைப்பதைத்தான் படிக்க வேண்டுமா?

ஒரு விஷயத்தில் நம் அரசுகளைப் பாராட்ட வேண்டும். பள்ளிப் பிள்ளைக்குக் கட்டணம் இல்லை என்று சொன்னால் மட்டும் போதாது என்பதைத் தமிழ்நாடு எப்போதோ புரிந்துகொண்டது. மதிய உணவு கொடுத்தது. சீருடை, புத்தகம், பை, காலணி, சைக்கிள் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்தது. மலைப் பகுதிப் பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, பூட்ஸ்கூட உண்டு. குளிரில் நடுங்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று யாரோ ஒரு அதிகாரிக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஸ்வெட்டர்களை என் கையால் எத்தனையோ முறை வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன்.

அதே பிள்ளை பிளஸ் டூ முடித்து மலையிறங்கினால், வெயிலில் தூக்கம் வராமல் புரளும் பிள்ளைக்கும் பாடம் ஏறாது என்பது மட்டும் ஏன் யாருக்கும் தெரியவில்லை?

உதவித்தொகை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-ல். மாதம் 1,000 ரூபாய். நல்ல திட்டங்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பணம் கல்லூரியில் சேர்ந்து, விவரங்கள் சரிபார்த்த பிறகு மாதாமாதம் வங்கிக் கணக்குக்கு வருவது. பெட்டி அதற்கு முன்பே நிரம்பியாக வேண்டும். 21,600 ரூபாய் என்பது அந்த உதவித்தொகையில் கிட்டத்தட்ட 22 மாதம். என் மாணவன் திரும்பி வந்தது ஜூலையில். அவனுக்கான திட்டம் தொடங்கியது ஆகஸ்டில். நீச்சல் தெரியாதவன் கிணற்றில் விழுந்த பிறகு கயிறு திரிக்கிற கதை.

7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் சேரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021-ல் அறிவித்தார்கள். அதாவது, தங்க இடமும் படிப்பின் ஒரு பகுதிதான் என்று அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. பி.எஸ்சி.யும் பி.ஏ.வும் படிக்கிற பிள்ளை மட்டும் மரத்தடியில் தூங்குவானா?

2025 ஜூலையில் அரசு நடத்தும் மாணவர் விடுதிகள் எல்லாம் இனி "சமூகநீதி விடுதிகள்" என்று அழைக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். பலகையிலிருந்து ஜாதிப் பெயர் போவது நல்லது. வரவேற்கிறேன். அந்தப் பலகையைத் தாண்டி உள்ளே போனால் கட்டில் இருக்கிறதா, மெத்தை இருக்கிறதா, ஓடுகிற ஃபேன் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி. மெத்தையைப் பிள்ளையே சுமந்து வர வேண்டுமென்றால், மெத்தை வாங்க முடிந்த பிள்ளைக்கும் முடியாத பிள்ளைக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அந்த அறைக்குள் முதல் நாளே விரித்துப் போட்டாயிற்று.

சரி, வெளியே வீடு எடுப்பவர்கள் கதை. நாலு பையன்கள் என்று தெரிந்ததும் ஐந்து மாத அட்வான்ஸ். தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றி 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் ஒன்று உண்டு. வேறுவிதமாக இரு தரப்பும் ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரை, குடியிருக்கும் வீட்டுக்கு மூன்று மாத வாடகைக்குமேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது அது. இது தெரிந்திருந்தால் பேசியாவது பார்த்திருக்கலாம். 40,000 என்பது 24,000 ஆகியிருந்தால் என் மாணவன் பங்கில் 4,000 மிச்சம். மெத்தை, ஃபேன், கொசுவலை மூன்றும் சேர்த்து 3,600. அந்தப் பையன் திரும்பி வராமல் இருக்க அவ்வளவு பணம் போதுமாக இருந்திருக்கும். கணக்கு வாத்தியார் நான், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இந்தக் கழித்தலைச் செய்யாமல் மெத்தையை அடித்துக்கொண்டிருந்தேன்.

"இதெல்லாம் மாறாது சார்" என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். விடுதி வாடகைக்கு 12 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு என்று 2023-ல் பெங்களூரில் ஒரு முன்தீர்ப்பு வந்தது. பிள்ளைகள் தங்கும் இடத்தை ஹோட்டல்போல நினைத்தார்கள். சும்மா விடவில்லை, விடுதி நடத்துகிறவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2024 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அது குடியிருப்புதான், வரிவிலக்கு உண்டு என்றது. அந்த ஜூனிலேயே ஜி.எஸ்.டி. கவுன்சில், தொடர்ந்து 90 நாளாவது தங்குகிறவருக்கு மாதம் 20,000 ரூபாய் வரை வரி வேண்டாம் என்று முடிவெடுத்தது. கேட்டதால் மாறியது. மெத்தைக்காக யாரும் இதுவரை கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நான் கேட்பது மூன்று.

ஒன்று: கல்லூரியில் இடம் கொடுக்கிற அன்றைக்கே விடுதியில் இடம் உண்டா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். "பிறகு சொல்வோம்" என்பது ஏழைப் பிள்ளையை வட்டிக்காரரிடமும் வீட்டுத் தரகரிடமும் அனுப்பிவைப்பது.

இரண்டு: கட்டில், மெத்தை, தலையணை, பக்கெட், கொசுவலை, ஃபேன் இந்த ஆறும் விடுதியின் சொத்தாக இருக்க வேண்டும். ஒரு பிள்ளை படித்து முடித்துப் போனால் அடுத்த பிள்ளைக்கு. லேப் கருவியை மாணவனா வீட்டிலிருந்து கொண்டுவருகிறான்?

மூன்று: வெளியூரிலிருந்து வரும் பிள்ளைக்கு உதவித்தொகையில் ஆறு மாதத் தொகையையாவது சேர்க்கையின்போதே முன்பணமாகக் கொடுக்க வேண்டும். பிறகு கழித்துக்கொள்ளட்டும். எப்படியும் கொடுக்கப்போகிற பணம்தானே? தேவைப்படும் நாளில் கொடுங்கள்.

அரசு செய்யட்டும் என்று சொல்லிவிட்டு நாம் கையைக் கழுவிவிட முடியாது. கோடைக்கானல்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன். 1901-ல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக இங்கே ஓர் உறைவிடப் பள்ளி தொடங்கியது. இன்றைய கோடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். அப்போது மோட்டார் சாலை கிடையாது. அந்தப் பிள்ளைகளின் பெட்டி படுக்கையெல்லாம் அடிவாரத்திலிருந்து கூலியாட்களின் தலையில்தான் மலையேறின. ஊரார் பிள்ளைகளின் பெட்டியைச் சுமந்த மலை இது. இன்று நம் பிள்ளைகளின் பெட்டி இறங்குகிறது. அதில் கைவைக்க ஆள் இல்லை.

நாயுடுபுரத்தில் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு காட்டேஜ். சீசன் முடிந்தால் விரிப்பு மாற்றுகிறோம், போர்வை மாற்றுகிறோம், பக்கெட் மாற்றுகிறோம். ஊர் முழுக்கக் கட்டில் போட்டு வைத்திருக்கிற நமக்கு, ஊர்ப் பிள்ளைக்கு ஒரு படுக்கை கொடுக்க வழியில்லையா? 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கிப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. காமராஜர் முதலமைச்சர், நெ.து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநர். ஊர் மக்கள் பெஞ்சு கொடுத்தார்கள், கரும்பலகை கொடுத்தார்கள், பிள்ளைகளுக்குத் துணி எடுத்துக் கொடுத்தார்கள். அவர்களெல்லாம் பணக்காரர்களா என்ன?

போன வாரம் நாலு காட்டேஜ் ஏறி இறங்கினேன். ஒருவர், "இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார் இந்த வயசுல?" என்றார். இன்னொருவர் டீ கொடுத்து அனுப்பினார். மூன்றாமவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். நாலாமவர் உள்ளே போய், துவைத்து மடித்த விரிப்பு நாலும், ஒரு மெத்தையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "வருஷா வருஷம் வாங்க சார்" என்றார். நாலில் ஒன்று. பரவாயில்லை, பூஜ்யத்தைவிட அதிகம்.

யாருக்காக அலைந்தேன் என்று கேட்கவில்லையே? அந்தப் பையனின் தங்கச்சிக்காக. இந்த வருஷம் அவளுக்கும் மதுரையில் ஒரு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. விடுதி பற்றி அவளிடமும் "பிறகு சொல்வோம்" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பெண்களோடு சேர்ந்து ஒரு வீட்டு மாடி. இந்த முறை அட்வான்ஸ் பேச நானும் கூடப் போனேன். மூன்று மாதத்துக்கு ஒப்புக்கொண்டார் அந்த அம்மா. சட்டத்தைச் சொல்லி மிரட்டவில்லை. நரைத்த தலையோடு ஒருவர் வந்து கேட்டதே போதுமாக இருந்தது. அதுதான் மாமா வேலை.

நேற்று அவளும் தன் பட்டியலைக் கொண்டுவந்தாள். 19 சாமான். என் சிவப்புப் பேனாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் எதையும் அடிக்கவில்லை. நாலு சேர்த்தேன். வங்கிக் கணக்கோடு ஆதார் இணைத்ததற்கான தாள். எல்லாச் சான்றிதழுக்கும் மூன்று செட் நகல், அசலை யார் கேட்டாலும் கொடுத்துவிட்டு வராதே என்று சொல்லி. ராகிங் புகாருக்கான இலவச எண் 1800-180-5522, சூட்கேஸ் மூடிக்கு உள்பக்கம் ஒட்டி. நாலாவது, என் போன் நம்பர். "எதுவும் ஒத்துக்கலைன்னா முதல்ல எனக்குப் போன் பண்ணு. திட்ட மாட்டேன்" என்றேன். என் வீட்டு அம்மா இரண்டு பழைய பருத்திச் சேலையை மடித்துத் தைத்து ஒரு விரிப்பு கொடுத்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ். மெத்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை அவள் அண்ணன் வருகிறான். அவனுக்கும் இன்னும் வயசு போய்விடவில்லை, அடுத்த ஜூனுக்கு விண்ணப்பம் வாங்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். பதில் சொல்லவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

உங்கள் தெருவிலும் இப்போது ஒரு பிள்ளை பெட்டி கட்டிக்கொண்டிருக்கும். போய்ப் பாருங்கள். உபதேசம் வேண்டாம். பெட்டியில் என்ன இல்லை என்று மட்டும் கேளுங்கள்.